மாதாந்திர ஹார்மோன் ஊசியும் பெட் ஸ்கேனும்: புள்ளி பளிச்சென்று தெரிந்தால் நோய் முற்றிவிட்டதா?

நியூரோஎண்டோக்ரைன் கட்டி இருப்பவர்களில் பலர் 4 வாரத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அவ்வப்போது பெட் ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

ஊசி மருந்தும் ஸ்கேன் மருந்தும் உடம்புக்குள் தேடிப் போவது ஒரே இடத்தைத்தான். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"ஊசி போட்டிருந்தா ஸ்கேன்ல கட்டி தெரியாமப் போயிடுமா?" "ஸ்கேனுக்காக இந்த மாச ஊசியைத் தள்ளிப் போடலாமா?" "போன தடவையைவிடப் புள்ளி நல்லாப் பளிச்சுன்னு தெரியுதே, முத்திடுச்சா?" நோயாளிகளும் குடும்பத்தினரும் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் இவை.

பதில் தவறானால் விளைவு சாதாரணமாக இருக்காது. பயனளித்துக்கொண்டிருக்கும் சிகிச்சையைக் கைவிட நேரலாம். அல்லது தேவையில்லாமல் ஊசியை நிறுத்தி அவதிப்பட நேரலாம்.

முதலில், இது என்ன நோய்?

நம் உடம்பில் ஹார்மோன் சுரக்கும் அணுக்கள் சுரப்பிகளில் மட்டும் இல்லை. குடல், கணையம், நுரையீரல் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அந்த அணுக்களில் உருவாகும் கட்டிதான் நியூரோஎண்டோக்ரைன் கட்டி. சுருக்கமாக ‘நெட்’ என்பார்கள்.

இந்தி நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தமக்கு இந்த நோய் இருப்பதாக அறிவித்தபோதுதான் நம்மில் பலர் இதன் பெயரையே முதன்முறையாகக் கேட்டோம். அவர் 2020 ஏப்ரலில் காலமானார். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்ததும் இதே வகைக் கட்டிதான்.

இது அரிய நோய். ஆனால் முன்பு இருந்த அளவுக்கு அரிதல்ல. அமெரிக்காவில் 1973-இல் 100,000 பேரில் சுமார் ஒருவருக்குக் கண்டறியப்பட்ட நோய், 2012-இல் கிட்டத்தட்ட 7 பேருக்குக் கண்டறியப்பட்டது. சோதனைக் கருவிகள் மேம்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

பல நெட் கட்டிகள் மெதுவாகவே வளர்பவை. நோயோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. அதனால் இவர்கள் வாழ்க்கையில் ஸ்கேன் ஒருமுறை எடுத்து முடிகிற காரியமல்ல. திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். முந்திய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் சிகிச்சை முடிவுகள் பல அடங்கியிருக்கின்றன.

அது என்ன ‘ஹார்மோன் ஊசி’?

மார்பகப் புற்றுநோய்க்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை வேறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

நம் உடம்பு சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1973-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சுருக்கமாகச் சொன்னால் ‘பிரேக்’ மாதிரி. ஆனால் ரத்தத்தில் அது சில நிமிடங்கள்கூடத் தாங்காது. மருந்தாகக் கொடுத்தால் பயன் நிற்காது.

ஆகவே, அதைப் போலவே வேலை செய்து, அதைவிட நீண்ட நேரம் தாங்கும் மருந்துகளை விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அவற்றில் முக்கியமானவை இரண்டு: ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட். நீண்டநாள் செயல்படும் வடிவில் இவற்றைப் பெரும்பாலும் 4 வாரத்துக்கு ஒருமுறை பிட்டத்தில் போடுவார்கள்.

இந்த ஊசியால் இரண்டு பயன்கள்.

முதலாவது, அறிகுறிகள் கட்டுப்படும். சில கட்டிகள் செரோடோனின் போன்ற பொருள்களை அளவுக்கு மீறிச் சுரக்கும். அப்போது முகம் திடீரென்று சூடேறிச் சிவக்கும். ஒரு நாளைக்குப் பலமுறை வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு மூச்சிரைக்கும். ஊசி அதை அடக்குகிறது.

இரண்டாவது, கட்டியின் வளர்ச்சி மட்டுப்படும். லான்ரியோடைட் மருந்தை 204 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. 2 ஆண்டு கழித்து, மருந்து பெற்றவர்களில் சுமார் 65 விழுக்காட்டினருக்கு நோய் முற்றாமல் இருந்தது. வெற்று ஊசி பெற்றவர்களில் அது 33 விழுக்காடு.

பெட் ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் கட்டியின் வடிவத்தையும் அளவையும் காட்டுகின்றன. பெட் ஸ்கேன் காட்டுவது வேறு: அணுக்களின் ‘குணம்’.

நெட் அணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் வந்து அமர்வதற்கான ஏற்பிகள் நிறைய இருக்கும். டோட்டடேட் என்ற சிறிய பெப்டைட் அந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனுடன் கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்து ரத்தநாளத்தில் செலுத்துவார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். பெப்டைட் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் படத்தில் ஒளிரும்.

கேலியம்-68 இன் வீரியம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் உடம்பில் கதிரியக்கம் நீண்ட நேரம் தங்காது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏற்பிகள் கட்டியில் மட்டும் இல்லை. மண்ணீரல், கல்லீரல், அட்ரினல் சுரப்பி, பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு ஆகியவையும் இயல்பாகவே ஒளிரும். மருந்து வெளியேறும் வழி என்பதால் சிறுநீரகமும் பளிச்சென்று தெரியும். ஒளிர்வதெல்லாம் கட்டி இல்லை.

ஊசியும் ஸ்கேனும் மோதிக்கொள்கின்றனவா?

ஊசி மருந்து போய் அமர்வதும் அதே ஏற்பியில்தான். மாதாந்திர லான்ரியோடைட் ஊசியில் இருப்பது 120 மில்லிகிராம் மருந்து. ஸ்கேனுக்குச் செலுத்தும் பெப்டைட்டோ 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது. அதாவது, ஊசியில் இருப்பது 2,000 மடங்குக்கும் அதிகம்!

அப்படியென்றால் எல்லா இடத்தையும் ஊசி மருந்தே பிடித்துக்கொள்ளும், ஸ்கேன் மருந்துக்கு இடமே இருக்காது, கட்டி படத்தில் மங்கிப் போகும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. மருத்துவர்களும் முன்பு அப்படித்தான் அஞ்சினார்கள். ஸ்கேனுக்கு முன்னால் 3, 4 வாரம் இடைவெளி விடச் சொல்வது வழக்கமாக இருந்தது.

ஆனால் நோயாளிகளின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் 105 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். நீண்டநாள் ஊசி பெற்றவர்களுக்குக் கல்லீரலும் மண்ணீரலும் மங்கலாகத் தெரிந்தன. கட்டியின் ஒளிர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆனால் அது வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்ட ஆய்வு. ஒருவர் கட்டியும் இன்னொருவர் கட்டியும் ஒன்றாகுமா? அதற்கும் பதில் கிடைத்தது. நெதர்லாந்தில் அதே நோயாளிகளுக்கு லான்ரியோடைட் ஊசி போடுவதற்கு முந்திய நாள் ஒரு படம், போட்ட மறுநாள் ஒரு படம் என்று எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. ஊசிக்குப் பிறகு கல்லீரல், மண்ணீரல் போன்ற இயல்பான உறுப்புகளின் ஒளிர்வு குறைந்தது. கட்டியின் ஒளிர்வு குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது.

அதாவது, பயந்ததற்கு நேர்மாறு. ஊசி கட்டியை மறைக்கவில்லை. சுற்றியுள்ள வெளிச்சத்தைக் குறைத்து, கட்டியை எடுப்பாகக் காட்டியது.

கட்டி மட்டும் ஏன் மங்கவில்லை?

நம் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே உள்ள கார்நிறுத்துமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி மருந்து, மாதக் கட்டணம் கட்டிய குடியிருப்பாளர்கள். ஸ்கேன் மருந்து, அன்றைக்கு வந்த விருந்தாளிகள்.

கல்லீரலும் மண்ணீரலும் சிறிய கார்நிறுத்துமிடங்கள். குடியிருப்பாளர்கள் வந்தாலே நிரம்பிவிடும். விருந்தாளிகள் திரும்பிப் போகவேண்டியதுதான்.

கட்டியோ பல மாடிக் கார்நிறுத்துமிடம். அங்கே இடம் ஏராளம். அதோடு, மருந்து வந்து அமர்ந்ததும் ஏற்பி அதை அணுவுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டு, மறுபடியும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. இடம் காலியாகிக்கொண்டே இருக்கிறது. கல்லீரலில் இடம் கிடைக்காத விருந்தாளிகள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்து கடைசியில் இங்கே வந்து சேருகிறார்கள்.

ஆய்வாளர்கள் தரும் விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் நல்லதுதானே, சிக்கல் எங்கே?

படத்தை வாசிப்பதில்தான்.

ஒளிர்வை அளக்க எஸ்யூவி என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். (பெரிய காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) செலுத்திய மருந்தில் எவ்வளவு ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது என்பதை உடல் எடையோடு சேர்த்துக் கணக்கிடும் எண் அது.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒருவர் ஊசி தொடங்குவதற்கு முன்பு எடுத்த படத்தில் கல்லீரலின் அளவு 10. கல்லீரலுக்குள் இருக்கும் ஒரு சிறிய கட்டியின் அளவும் 10. இரண்டும் ஒரே வெளிச்சம். கட்டி கண்ணுக்கே தெரியாது.

ஊசி தொடங்கிச் சில மாதம் கழித்து அடுத்த படம். கல்லீரல் 6-க்கு இறங்கிவிட்டது. கட்டி அதே 10. இப்போது அது பளிச்சென்று தெரியும். "முன்பு இல்லாத புள்ளி இப்போது வந்திருக்கிறது" என்று தோன்றும். ஆனால் கட்டி வளரவும் இல்லை, புதிதாக வரவும் இல்லை. மறைத்துக்கொண்டிருந்த வெளிச்சம்தான் விலகியிருக்கிறது.

ஊசி தொடங்கியது தெரியாமல் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், நோய் பரவிவிட்டது என்று முடிவுக்கு வரக்கூடும். "ஊசி வேலை செய்யவில்லை" என்று அதை நிறுத்தி, பக்கவிளைவுகள் அதிகமுள்ள சிகிச்சைக்கு மாற்றும் அபாயம் அங்கே இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியின் ஒளிர்வுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் தரும் முறை ஒன்று இருக்கிறது. கிரென்னிங் மதிப்பெண் என்பார்கள். கல்லீரலைவிட அதிகம் ஒளிர்ந்தால் 3. மண்ணீரலையும் மிஞ்சினால் 4. அளவுகோலே கல்லீரலும் மண்ணீரலும்தான். ஊசி அந்த இரண்டையும் மங்கச் செய்கிறது. அதாவது, அளவுகோலே சுருங்கிவிடுகிறது. கட்டி மாறாமலேயே 2 மதிப்பெண் 3 ஆகலாம்.

அந்த மதிப்பெண் வெறும் எண் அல்ல. கதிரியக்க மருந்துச் சிகிச்சைக்கு ஒருவர் ஏற்றவரா என்று முடிவுசெய்ய அதைப் பார்க்கிறார்கள். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு ஒரு மதிப்பெண் வித்தியாசமும் பெரிது.

ஒளிர்வு குறைந்தால் குணமாகிறது என்று அர்த்தமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது.

டோட்டடேட் ஸ்கேன் ஏற்பிகளைத்தான் காட்டுகிறது. கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைக் காட்டுவதில்லை. சில கட்டிகள் காலப்போக்கில் மூர்க்கமாக மாறும்போது ஏற்பிகளை இழந்துவிடும். அப்போது படத்தில் மங்கலாகத் தெரியும். பார்ப்பதற்கு நல்ல செய்தி மாதிரி இருக்கும். உண்மையில் நிலைமை மோசமாகியிருக்கும்.

அத்தகைய சந்தேகம் வந்தால் எஃப்டிஜி பெட் ஸ்கேன் கைகொடுக்கும். அது சர்க்கரையைப் பயன்படுத்தும் ஸ்கேன். வேகமாக வளரும் அணுக்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும். டோட்டடேட் படத்தில் மங்கலாகவும் சர்க்கரைப் படத்தில் பளிச்சென்றும் ஓரிடம் தெரிந்தால், மருத்துவர்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் பார்ப்பார்கள்.

ஆகவே, நோய் முற்றியதா, கட்டுக்குள் இருக்கிறதா என்பதை ஒரே ஒரு படத்தின் வெளிச்சத்தை வைத்து முடிவுசெய்வதில்லை. சிடி அல்லது எம்ஆர்ஐயில் கட்டியின் அளவு, ரத்தப் பரிசோதனை, நோயாளியின் அறிகுறிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஸ்கேனுக்காக ஊசியை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவேண்டாம்.

அறிகுறிகள் உள்ளவர் ஊசியைத் தவறவிட்டால் வயிற்றுப்போக்கும் முகம் சிவப்பதும் திரும்ப வரலாம். உடம்பில் நீர்ச்சத்து குறையலாம். ஒரு படத்துக்காக அவ்வளவு அவதி தேவையா என்று யோசிக்கவேண்டும்.

தவிர, ஒரு மாதம் காத்திருந்தாலும் மருந்து உடம்பைவிட்டு முழுதாகப் போய்விடாது. நீண்டநாள் லான்ரியோடைட்டின் அளவு பாதியாகக் குறையவே 23 முதல் 30 நாள் வரை ஆகும். பல மாதமாக ஊசி போடுபவர் ஒரு ஊசியை விட்டால் மருந்து குறையுமே தவிர, தீராது.

கேலியம்-68 டோட்டடேட்டுக்கு அமெரிக்கா 2016-இல் ஒப்புதல் அளித்தது. மருந்துக் குறிப்பில் உள்ள ஆலோசனை எளிது: நீண்டநாள் ஊசி போடுபவருக்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாகப் படம் எடுக்கலாம். நாள்தோறும் போடும் குறுகியநேர ஆக்ட்ரியோடைட்டை மட்டும் 24 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்தவேண்டும்.

அதாவது, ஊசியைத் தவிர்க்கவேண்டியதில்லை, நாளைப் பொருத்திக்கொண்டால் போதும். அடுத்த ஊசி 20-ஆம் தேதி என்றால், அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு ஸ்கேன். எல்லா நேரமும் அப்படி அமையாது. ஸ்கேனுக்குக் கிடைத்த நாள் ஊசி போட்ட மறுவாரம் வந்துவிட்டால்? நாம் பார்த்த ஆய்வுகளின்படி, அதற்காக ஸ்கேனைக் கைவிடவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் படம் வாசிப்பவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

கதிரியக்கச் சிகிச்சைக்கு விதி வேறு

இந்த இடத்தில் பலர் குழம்பிப்போகிறார்கள்.

அதே டோட்டடேட்டுடன் கேலியத்துக்குப் பதிலாக லுட்டீஷியம்-177 ஐ இணைத்தால் அது சிகிச்சை மருந்தாகிவிடும். படம் எடுக்க உதவிய அதே பாதையில் கதிரியக்கம் போய்க் கட்டியைத் தாக்கும். பொதுவாக 8 வாரத்துக்கு ஒருமுறை என்று 4 முறை தருவார்கள்.

அந்தச் சிகிச்சைக்கு முன்னால் நீண்டநாள் ஊசியைக் குறைந்தது 4 வாரம் நிறுத்தச் சொல்கிறது மருந்துக் குறிப்பு. சிகிச்சை கொடுத்த பிறகு ஊசியைத் திரும்பப் போடுவார்கள். படத்துக்கு ஒரு விதி, சிகிச்சைக்கு ஒரு விதி. "எனக்குத் தெரிஞ்சவர் ஒரு மாசம் ஊசி நிறுத்தினாரே" என்று யாராவது சொன்னால், அவர் எதற்காக நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள்.

நோயாளி என்ன செய்யலாம்?

இதில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. ஊசி ஒரு மருந்தகத்தில், ஸ்கேன் வேறொரு மருத்துவமனையில் என்று இருந்தால், இரண்டு தகவலும் ஒன்றுசேரும் இடம் சில நேரம் நோயாளியின் கையேடு மட்டுமே.

- கடைசி ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் தாதியிடமோ தொழில்நுட்பரிடமோ சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.
- முந்திய ஸ்கேனுக்குப் பிறகு ஊசியைப் புதிதாகத் தொடங்கினீர்களா, அளவைக் கூட்டினார்களா, நிறுத்தினீர்களா என்பதையும் தெரிவியுங்கள்.
- முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஊசிச் சுழற்சியின் அதே கட்டத்தில் ஸ்கேன் எடுக்க நாள் கேளுங்கள். அப்போதுதான் ஒப்பிடுவது எளிது.
- வேறு மருத்துவமனைக்கு மாறினால் பழைய அறிக்கையை மட்டுமின்றி, பழைய படங்களையும் கொண்டுபோங்கள்.
- அறிக்கையில் "அதிக ஒளிர்வு", "புதிய புள்ளி" என்று இருந்தால் உடனே மனம் உடைந்துபோகவேண்டாம். மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "கட்டியின் அளவு கூடியிருக்கிறதா? கல்லீரலின் ஒளிர்வு போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதா? சிடி அல்லது எம்ஆர்ஐயிலும் இந்தப் புள்ளி தெரிகிறதா?"

மூன்றாவது கேள்வி முக்கியம். பழைய சிடி படத்திலேயே அந்தப் புள்ளி இருந்திருந்தால், அது புதிதாக வந்தது அல்ல.

ஒளிர்வு கூடியதெல்லாம் ஊசியால்தான் என்று விட்டுவிடவும் கூடாது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றுவதும் நடக்கிறது. எலும்பிலோ கல்லீரலுக்கு வெளியே வேறு இடத்திலோ புதிய புள்ளி தெரிந்தால், கல்லீரல் மங்கியதைக் காரணமாகச் சொல்ல முடியாது. கட்டியின் அளவும் கூடியிருந்தால் ஊசியைக் காரணம் காட்ட வழியே இல்லை.

ஒவ்வொருவர் நிலையும் வேறு. ஊசியை எப்போது போடுவது, ஸ்கேனை எப்போது எடுப்பது என்பதை உங்களைக் கவனிக்கும் மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துச் செல்லவேண்டியது கடைசி ஊசியின் தேதி.